ஒரு பக்கம் தட்டையான மீன்

எனக்குத் தெரியும்.
இன்று காலை ஆறு மணிக்கு
மைனஸ் பதினெட்டில் அதைத் தூக்கியவள் நான்.
பத்துக் கிலோ அட்டைப்பெட்டி, நீல எழுத்து,
சீனத்தில் ஏதோ ஒரு குளம்,
கப்பல், துறைமுகம், எல்லைச் சாவடியில் நான்கு நாள்,
லாரி,
பிறகு என் தோள்.

இப்போது மணி மூன்று.
கிட்வே சந்தையில், தகரக் கூரைக்கடியில்
பனாம்புண்டு அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறாள்.
இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு ஊர் தந்த பெயர் அது;
குரலும் இருவருக்கானது.
"ம்வேரு ஏரி! நேற்று ராத்திரி பஸ்!
பச்சை மீன்! இன்னும் மூச்சு அடங்கவில்லை!"

அடங்கி மூன்று மாதம் இருக்கும்.
ஜிலேபிக் கெண்டை, ஒரு பக்கம் தட்டை.
பெட்டிக்குள் எந்தப் பக்கம் படுத்திருந்ததோ
அந்தப் பக்கம் மட்டும்
இஸ்திரி போட்டதுபோல்.
கண்ணில் பால் படர்ந்திருக்கிறது.
தொட்டால் வழுவழுப்பு இல்லை, வெறும் ஈரம்.

அதோடு இது ஜனவரி.
மீன் முட்டையிடும் காலமென்று
டிசம்பர் முதல் தேதியே ம்வேருவில் வலைக்குத் தடை.
கைக்குழந்தையைத் தவிர
இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி.
தெரிந்தும் ஏரி என்று சொன்னால்
வாயூறத்தான் செய்கிறது.

ஒரு பையன் வந்தான்.
கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.
நாளைக்கு மாமனார் வருகிறாராம்,
ன்செலெங்கேக்காரர், நாற்பது வருடம் ம்வேருவில் படகோட்டியவர்.
அவருக்கு ஏரி மீன் சமைக்க வேண்டுமாம்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறான்,
ஊசியும் அவனுடையதில்லை.

விரலால் அமுக்கினான்.
விழுந்த குழி எழவில்லை.
அதற்கு என்ன அர்த்தமென்று தெரியாமல்
குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
என் பக்கம் திரும்பினான்:
"அக்கா, நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?"

பனாம்புண்டு என்னைப் பார்த்தாள்.
அக்டோபரில் குளிர்க்கிடங்கு சம்பளம் தரவில்லை,
நவம்பரிலும் தரவில்லை.
அந்த எட்டு வாரமும் கேட்காமலே
என் பையில் மீன் போட்டவள்.
பாக்கியைக் கரித்துண்டால் ஓர் அட்டைமூடியில் எழுதியிருந்தாள்;
நான் தூக்கிய பெட்டியின் மூடி.
பாதிதான் அடைத்திருக்கிறேன்.

"வாங்குவேன்" என்றேன்.
அது பொய்யில்லை.
வீட்டில் சோளக்களிக்கு வாரம் இரண்டு நாள் இதுதான்.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
நாக்கு நிற்கவில்லை.
"ஐஸ் மீன் தம்பி. கெட்ட மீன் இல்லை.
ஏரியென்று மாமனாரிடம் சொல்லாதே, அவ்வளவுதான்."

தெளித்த தண்ணீர் பலகையிலிருந்து சொட்டுவது கேட்டது.

"அப்படியானால் என்ன சொல்ல?" என்றான்.
"தக்காளி நிறையப் போடு. வெங்காயத்தைக் கருக வறு.
அவர் கேட்டால் சொல்,
கேட்காவிட்டால் பரிமாறு."
கிலோவுக்குப் பத்து க்வாச்சா குறைத்துக்கேட்டான்.
கொடுத்தாள்.
காகிதத்தில் சுற்றும்போது
மீனின் வாலை முறித்த மாதிரி மடக்கினாள்.
என் கழுத்தை நினைத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை, கிடங்கில்,
முதல்முறையாக ஒட்டுத்தாளை முழுக்கப் படித்தேன்.
ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை.
கீழே ரப்பர் முத்திரை: கட்டியவர் எண் 41.
கையுறை போட்டவரா, என்னைப்போல் கந்தல் சுற்றியவரா,
முத்திரையில் அது இல்லை.
மை மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது,
காய்வதற்குள் அடுத்த பெட்டியை எடுத்திருக்கிறார்.

மூன்று மணிக்குச் சந்தை வழியாகப் போனேன்.
பனாம்புண்டு எனக்கு முகம் காட்டவில்லை.
குரலை மட்டும் காட்டினாள்:
"சீனத்து ஐஸ் மீன்!
கசூபாவின் தோளில் ஏறி வந்தது!
வியர்வைக்குத் தனி விலை கிடையாது!"
சந்தையே சிரித்தது. ஆறு கிலோ விற்றுப்போனது.

அது ஒரு நாள் கூத்து.
வியாழக்கிழமை பார்க்கிறேன்,
அதே தட்டை, அதே பால்கண்,
"கரிபா ஏரி! இன்று காலை வந்தது!"

கரிபாவில் தடை கிடையாது.

நான் பாக்கியில் இருபது க்வாச்சா கொடுத்துவிட்டு
இரண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.
"எங்கேயிருந்து?" என்று கேட்டேன்.
"உனக்கா?" என்றாள்.